விண்கலத்தைக் கழுவிய நாள்

ரகு,

கூடத்தில் உன் அம்மா உன் பெட்டியைப் பத்தாவது முறையாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நார்த்தங்காய் பாட்டிலை எடுக்கிறாள், ஒரு போர்வையைக் குறைத்துவிட்டு மறுபடியும் பாட்டிலை உள்ளே வைக்கிறாள். கைப்பையை மட்டும் நான் அடுக்குகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். நீ சிநேகிதர்களிடம் சொல்லிக்கொள்ள கே.கே. நகர் போயிருக்கிறாய், வர மாலையாகும். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். நேரில் சொல்லலாம் என்று இந்த ஒரு மாதத்தில் ஏழெட்டு முறை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றுதான் வந்தது. நேற்று முன்தினம் நீயே சிரித்துவிட்டாய், "பாஸ்போர்ட்டை முழுங்கிடறேன்ப்பா, போதுமா?" என்று. நான் சொல்ல வந்தது பாஸ்போர்ட்டைப் பற்றி இல்லை. உன் கப்பலைப் பற்றி.

அமெரிக்காவில் முதல் பத்து நாள் நீ உன் சித்தப்பா வீட்டில்தான் தங்கப்போகிறாய். அவன் பெயரை நான் இந்த வீட்டில் சொல்வதில்லை என்பது உனக்குத் தெரியும். "அமெரிக்கா லெட்டர் போட்டிருக்கு" என்பேன், ஏதோ ஒரு தேசமே பேனா பிடித்து எழுதிய மாதிரி. ஏன் என்று நீ கேட்டதில்லை. அம்மா கொஞ்சம் சொல்லியிருப்பாள். மேல்படிப்புக்கு அங்கே இடம் கிடைத்தது முதலில் எனக்குத்தான். எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்திருந்தேன். அந்த வருடம் உன் தாத்தாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லி எழுதினேன். அடுத்த வருடம் அவனுக்கும் இடம் வந்தது. "ரெண்டே வருஷம் அண்ணா, நான் வந்து அப்பாவைப் பாத்துக்கறேன், அப்புறம் நீ போ" என்றான். திருச்சி ஜங்ஷனில் அவன் பெட்டியைத் தூக்கி வைத்தவன் நான். அவன் திரும்பி வந்தது தாத்தாவின் பதிமூன்றாம் நாள் முடிந்த பிறகு. அதற்குள் எனக்குக் கல்யாணமாகி, நீ பிறந்து, நான் பெயிண்ட் கம்பெனியில் கெமிஸ்ட்டாகி, எனக்கு அடுத்துச் சேர்ந்தவனுக்குக் கீழே கையெழுத்துப் போட ஆரம்பித்திருந்தேன். இதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறக்கப்போவதாகவும் இல்லை. ஆனால் உனக்குச் சொல்ல வேண்டியது இது அல்ல.

நீ ஏழாவது படிக்கும்போது அவன் விடுமுறைக்கு வந்து அந்த அட்டைப்பெட்டியை உன் கையில் கொடுத்தான். மேலே கறுப்பு வானம், நடுவில் நீளமான ஒரு சரக்கு விண்கலம், பின்னால் இரண்டு நிலா. உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் நூற்றுக்கணக்கான துண்டுகள், ஒன்றோடொன்று ஒட்டிச் செய்ய வேண்டியது. உன் முகம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அட்டையில் இருந்த இரண்டு நிலாவையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய். அவன் திருவானைக்காவல் ஸ்டாப்பில் பஸ் ஏறிய அரைமணி நேரத்தில் பெட்டியை வாங்கி பீரோவின் மேல் வைத்துவிட்டேன். "பரீட்சை முடியட்டும்" என்றேன். மூன்று வருடம் பரீட்சை முடியவே இல்லை. நீ ஒரு தடவைகூட அடம் பிடிக்கவில்லை. பீரோவைத் திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்ப்பாய், அவ்வளவுதான். பத்தாவது பரீட்சை முடிந்த அன்று நாற்காலி போட்டு நீயே இறக்கினாய். என்னைக் கேட்கவில்லை. 

பெட்டியோடு வந்த பசை டியூபுக்குள்ளேயே கல்லாகிப் போயிருந்தது. "அப்பா, இந்தப் பிளாஸ்டிக்கை எது கரைக்கும்?" என்று கேட்டாய். வேறு எந்தக் கேள்வியாக இருந்தாலும் உனக்கு நான் ஒரு வகுப்பே எடுத்திருப்பேன். கரைப்பான்கள்தான் என் பிழைப்பு. "தெரியலை" என்றேன். பேப்பரைத் தாழ்த்தாமலே சொன்னேன். நீ நாலு நாள் அலைந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடைக்காரரிடமிருந்து சின்ன பாட்டிலில் ஏதோ வாங்கி வந்தாய். வெட்டிப்போட்ட சட்டத்துணுக்குகளை அதில் ஊறப்போட்டுக் கூழாக்கி, அந்தக் கூழை வைத்தே இடைவெளிகளை அடைத்தாய். யாரும் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பேப்பருக்கு மேலாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிளேடால் ஒவ்வொரு துண்டாக அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்ப்பாய், பிசிறு இருக்கிறதா என்று. கோடை முடிவதற்குள் ஒரு அடி நீளத்தில் கப்பல் எழுந்துவிட்டது. சாம்பல் நிற எனாமல் அடித்து முடித்ததும் அம்மா திருஷ்டி கழிக்க வேண்டும் என்றாள். நானும், சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். உனக்கு அப்போதுதான் வேலை ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், விளக்குக் கரியைத் தொட்டு அந்தப் புதுக் கப்பலின் வாலில் ஈஷிக்கொண்டிருக்கிறாய். பக்கத்தில் செங்கல் பொடி, போஸ்டர் கலர், அம்மாவின் பழைய கண்மைப் பென்சில், முள் தேய்ந்த டூத் பிரஷ்.

"என்னடா, அடிச்ச பெயிண்ட்டை நாசம் பண்றே?"

"நாசம் இல்லப்பா. புதுசா இருந்தா பொம்மை மாதிரி இருக்கு. எங்கேயும் போகாத கப்பல் மாதிரி இருக்கு."

"அதுக்குத் துருவா? வானத்துல ஏதுடா மழை, ஏது துரு?"

நீ பிரஷ்ஷைக் கீழே வைத்து யோசித்தாய். "அது எப்பவும் வானத்துலயே இருக்காதுப்பா. சரக்கு எறக்க ஒரு ஊர்ல எறங்கும்ல. அந்த ஊர்ல மழை பெய்யும்."

"எந்த ஊர்ல?"

"முக்கொம்பு மாதிரி ஒரு ஊருன்னு வச்சுக்குங்களேன்."

நாம் லீவு நாளில் ஆற்றைப் பார்க்கப் போகிற இடம் ஆயிற்றே, அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். "அப்ப பொரி உருண்டையும் விப்பாங்க" என்றாள். நான் சிரிக்கவில்லை. மறுநாள் நீ ஸ்கூலுக்குப் போனதும் உன் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் எழுதி வைத்திருந்தாய். வலது கதவுக்குக் கீழே எண்ணெய் வழிசல்: கதவைத் திறக்கிறவர் அவசரக்காரர். முதுகில் பச்சைத் தகடு: உடைந்தபோது சொந்தத் தகடு கிடைக்காமல் வேறு கப்பலில் இருந்து எடுத்து அடித்தது. மூக்கின் மேல் புள்ளிகள்: கல்மழைக்குள் போனது, திரும்பிப் போக நேரமில்லை. பக்கத்தில் படங்கள். கொள்ளிடம் ரயில் பாலத்தின் இரும்பில் ஆணிக்குக் கீழே துரு எப்படி இறங்குகிறது, ஸ்ரீரங்கத்தில் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்த மொட்டைக் கோபுரத்தின் அடிக்கல்லில் மழைத் தடம் எந்த இடத்தில் அகலமாகி எந்த இடத்தில் ஒடுங்குகிறது என்றெல்லாம் சைக்கிளை நிறுத்திவிட்டு உட்கார்ந்து வரைந்திருக்கிறாய். அந்தக் கோபுர வாசலில் நான் ஆயிரம் தடவை நுழைந்து வெளியே வந்தவன். அந்தத் தடத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது, ரகு. நோட்டை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனதில் பட்டதை அப்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். அது உள்ளேயே கிடந்து கெட்டுப்போனது. நீ அப்படி இருந்துவிடாதே. எவனாவது ஒருத்தன் நன்றாகச் செய்தால், உனக்குப் பிடிக்காதவனாக இருந்தாலும், அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடு.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நீ வேலையை முடித்தாய். கப்பலை ஜன்னலோரம் வைத்து, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாய். வெயில் அதன் முதுகில் விழுந்தது. பிளாஸ்டிக் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாற்பது ஐம்பது வருடம் எங்கெங்கோ அலைந்துவிட்டுக் களைத்து வந்து நம் வீட்டு ஜன்னலில் நின்ற மாதிரி இருந்தது. நான் இரண்டடி தள்ளி நாற்காலியில்தான் இருந்தேன். நீ அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாய்: "பூஜை முடிஞ்சதும் போட்டோ எடுத்து அனுப்பப் போறேன்மா. சித்தப்பா பாத்தா அசந்துடுவாரு."

இனி நடந்ததை நம் குடும்பத்தில் எல்லோரும் எப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு மனப்பாடம். ஆயுத பூஜை. அம்மாவின் தையல் மெஷின், அரிவாள்மணை, சைக்கிள், நான் கணக்குப் போட்ட பழைய ஸ்லைடு ரூல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிற வழக்கம். நீ சைக்கிளைத் துடைத்து நிறுத்திவிட்டுப் பூவும் வாழைக்கன்றும் வாங்க சாத்தார வீதி வரைக்கும் நடந்து போயிருந்தாய். அப்பா, பாவம், பிள்ளையின் கப்பலும் பூஜைக்கு வரட்டும், ஒரே அழுக்காக இருக்கிறதே என்று நல்ல மனதோடு சோப்புத் தண்ணீரில் கழுவி வைத்துவிட்டார். இரண்டரை மாத வேலை கால்மணி நேரத்தில் போய்விட்டது. கல்யாண வீடுகளில், பந்தியில், ரயிலில், எத்தனை பேரிடம் இந்தக் கதையைச் சொல்லி எத்தனை பேர் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார்கள். "படிச்ச மனுஷன் பண்ற காரியமா இது?" என்று அம்மா முடிப்பாள். நானும் கூடச் சிரிப்பேன்.

அது பொய், ரகு. அழுக்கு என்று நினைத்து நான் கழுவவில்லை. ஒரு கறை தானாக வந்ததா, வைத்ததா என்று இந்தத் திருச்சியில் என்னைவிடத் தெரிந்தவன் யார்? அது உன் வேலை என்று தெரிந்தேதான் கழுவினேன். அந்தப் போட்டோ போகக் கூடாது என்பதற்காகக் கழுவினேன். என் பிள்ளையின் கையைப் பார்த்து அசந்துபோகும் பாக்கியமும் அவனுக்கே போகிறதே, இங்கேயே உட்கார்ந்திருப்பவன் எதற்கு இருக்கிறான் என்று நெஞ்சு எரிந்தது. ஆயுத பூஜை எனக்கு ஒரு நல்ல சாக்கு. அம்மாவிடம், "நீ போய் சுண்டலைப் பாரு, நானே எல்லாத்தையும் கழுவி வைக்கிறேன்" என்றேன். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சந்தோஷப்பட்டாள்.

இப்போது எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கொல்லையில் அலுமினியக் குண்டானில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் வைத்துக் கப்பலை வலது பக்கமாகச் சாய்த்து இறக்கினேன். முதலில் கரி மேலே வந்து மிதந்தது. பிறகு செங்கல் பொடி, பழுப்புப் புகை மாதிரித் தண்ணீருக்குள் இறங்கிற்று. பிறகு நீ கண்மைப் பென்சிலால் இழுத்த கோடுகள். ஒவ்வொன்றாக வந்தபோதுதான் தெரிந்தது, எது எதன் மேல் இருந்தது என்று. துருவின் மேல் எண்ணெய், எண்ணெயின் மேல் புழுதி, புழுதியின் மேல் மழைத் தடம். நடந்த வரிசையிலேயே பூசியிருக்கிறாய். அந்தக் கப்பலின் ஐம்பது வருட வாழ்க்கையைக் கடைசி நாளிலிருந்து முதல் நாள் வரைக்கும் நான் என் கையால் பின்னோக்கிக் கழுவிக்கொண்டிருந்தேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.  கழுவிக்கொண்டேதான் இருந்தேன். எல்லாம் போன பிறகும் ஒன்று மட்டும் போகவில்லை. விளிம்புகளில் பெயிண்ட் பொட்டுப் பொட்டாக உரிந்து, அடியில் துரு நிறம் தெரிந்தது. தேய்த்துப் பார்த்தேன். அசையவில்லை. அது மேலே பூசியது அல்ல, அடியிலிருந்தே வந்தது. எப்படிச் செய்தான் என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு கதவின் இடுக்கில், தண்ணீர் படாமல் பெயிண்ட்டுக்கு அடியில், வெள்ளையாக ஒரு துணுக்கு சிக்கியிருந்தது. நகத்தால் எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு.

எங்கள் கம்பெனியில் ஒரு பெட்டி உண்டு என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். பெயிண்ட் அடித்த இரும்புத் தகடுகளை உள்ளே மாட்டிவிட்டு, உப்புத் தண்ணீரைப் பனி மாதிரித் தூவிக்கொண்டே இருப்போம். எத்தனை மணி நேரத்தில் பெயிண்ட் உரிகிறது, எந்த ஓரத்தில் முதலில் துரு கிளம்புகிறது என்று பார்த்து எழுதுவதுதான் அங்கே என் வேலை. உப்பு வந்து பெயிண்ட்டை உரிக்கக் கூடாது, அதற்குத்தான் என் படிப்பு, என் சம்பளம் எல்லாம். நீ விளிம்புகளில் துரு நிறத்தை அடித்து, ஈரத்தின் மேல் சமையல் உப்பைத் தூவி, அதன் மேல் மறுபடி சாம்பல் நிறத்தை அடித்து, காய்ந்ததும் உப்பை மட்டும் தேய்த்து எடுத்திருக்கிறாய். உப்பு இருந்த இடமெல்லாம் அசலாக உரிந்த மாதிரி ஆகிவிட்டது. எந்தப் பரிசோதனைச் சாலையும் இல்லாமல், பதினாறு வயதில், அடுப்படி உப்பு மரவையிலிருந்து ஒரு கை அள்ளிச் செய்திருக்கிறாய். நான் துவைக்கிற கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரிய ஆட்கள் முன்னால் எனக்கு அடக்கம் வந்ததில்லை. அவர்கள் குறை முதலில் கண்ணில் படும். அன்றைக்குக் கொல்லையில் ஒரு குண்டான் அழுக்குத் தண்ணீருக்கு முன்னால் தலை தானாகக் குனிந்தது. இடது இறக்கையின் அடிப்பக்கம் மட்டும் தண்ணீர் படாமல் மீதி இருந்தது. அதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. "என்னங்க, ஆச்சா?" என்று அம்மா கூப்பிட்டாள். அவசரமாகத் துடைத்து, மூக்கில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். திருடன் கைரேகையைத் துடைப்பது மாதிரி.

நீ வாழைக்கன்றோடு வந்தாய். பார்த்தாய். அம்மாதான் முதலில் கத்தினாள். நீ கொல்லைக்குப் போய்க் குழாயைத் திறந்து ரொம்ப நேரம் முகம் கழுவினாய். நான் கூடத்தில் நின்றபடி அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்ததும் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "பரவால்லப்பா, உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அது எப்படி இருந்ததோ, "தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சு விட்டுடாதீங்க, அது போதும்" என்றாய். அம்மா சிரித்துவிட்டாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ எனக்காகக் கண்டுபிடித்துக் கொடுத்த அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆறு வருடம் ஆகிறது.

ஒரு வாரம் கழித்து நீ மறுபடியும் ஆரம்பித்தபோது, கம்பெனியில் கழித்துப் போட்ட பழைய தகடுகளைப் பையில் போட்டு எடுத்து வந்து உன் முன்னால் பரப்பினேன். இருபது வருடத் துரு. நீ ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "அப்பா! இதெல்லாம் எங்கேப்பா இருந்துச்சு இத்தனை நாளா?" என்றாய். அந்தத் தகடுகளை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. என் மேலதிகாரி அதில் எழுதிய நம்பரைத்தான் பார்ப்பார். இரண்டு பேரும் கொள்ளிடம் பாலத்துக்குக் கீழே மணலில் நின்று அண்ணாந்து பார்த்தோம், துரு புதிதாக இருக்கும்போது எந்த நிறம், பழசானால் எந்த நிறம் என்று நான் சொன்னேன். என் படிப்பு ஒருவருக்கு உதவியது என்றால் அந்த நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள்தான். நான் செய்தது பிராயச்சித்தம் என்று உனக்குத் தெரியாது. தெரியாமலேயே வாங்கிக்கொண்டாய். சந்தனம் வைத்த இடத்தை மட்டும் நீ துடைக்கவே இல்லை. "இருக்கட்டும்ப்பா, பொறப்படும்போது வீட்ல வச்சு அனுப்பினாங்கன்னு வச்சுக்குவோம்" என்றாய். அதன் மேலேயே புழுதி பூசி, ஒரு பக்கம் கருக்கி, காற்றில் பின்னோக்கி இழுபட்ட மாதிரி அந்தக் குங்குமத்தை மங்கவைத்தாய். நான் மறைப்பதற்காக இட்ட பொட்டு அது. அதை நீ அந்தக் கப்பலின் ஊராக்கிவிட்டாய். எத்தனை நிலா தாண்டிப் போனாலும் அது திருச்சிக் கப்பல் என்று தெரியும்.

போட்டோ மட்டும் நீ எடுக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. போன வாரம், "கப்பலைச் சித்தப்பாவுக்குக் கொண்டுபோய்க் குடுக்கட்டுமாப்பா?" என்றாய். உடைந்துவிடும் என்று சொன்னேன். உடையாது. அந்தப் பசையின் பலம் எனக்குத் தெரியும்.

உன் கைப்பையில் பெரிய பிஸ்கட் டின் ஒன்று இருக்கும். உள்ளே உன் கப்பல்; என் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றி, சுற்றிலும் இலவம்பஞ்சு அடைத்து வைத்திருக்கிறேன். கையில் வைத்துக்கொள், விமானத்தில் மேல் தட்டில் எறிந்துவிடாதே. அவனை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, அவனிடமும் அப்படிச் சொல்லிவைக்காதே. எனக்கும் அவனுக்கும் உள்ளது அப்படியே இருக்கிறது. அதை உன் கப்பலின் மேல் இறக்கியதுதான் தப்பு. அவன் வீட்டுக்குப் போனதும் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரமாக வைத்துக் காட்டு. இடது இறக்கையின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டு. அங்கே மட்டும்தான் நீ முதலில் பூசியது இருக்கிறது. மற்றதெல்லாம் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்று அவன் கேட்பான், கண் கூர்மையானவன்தான். ஆயுத பூஜைக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்காதே. அப்பா தெரிந்தே கழுவினார் என்று சொல்.

அந்த நோட்டைப் பார்த்த அன்று நான் அசந்துபோனேன், ரகு. கழுவிய அன்று அதைவிட. இதை உன்னிடம் சொல்ல எனக்கு இத்தனை வருடமாயிற்று. அவன் அசந்துபோனானா என்று எனக்கு ஒரு வரி எழுது.

அப்பா